வெறும் வயிற்றில் 96, சாப்பிட்டபின் 168: அப்பாவுக்கு வயது 70

வெறும் வயிற்றில் சர்க்கரை சரியாக இருந்தும் சாப்பிட்டபின் மட்டும் ஏற முடியுமா என்று கேட்கிறீர்கள். முடியும். வெறும் வயிற்றில் 96 வந்தாலும் சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து 168 வரலாம். மீட்டர் பழுது என்று முடிவுகட்ட வேண்டாம். சாப்பிட்டவுடன் கணையம் சட்டென்று விடும் இன்சுலின் அலை வயதாக ஆகக் குறைகிறது. இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்கள் வேலைக்கு வருகின்றன, ஆனால் தாமதமாக. அதற்குள் சர்க்கரை ஏறிவிடுகிறது. தசை கரைந்திருந்தால் அதை உள்வாங்க இடமும் குறைவு.

அப்புறம், ஒரு வாசிப்பை நம்பாதீர்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து 2 மணி நேரம் எண்ணி, மூன்று நாள் பாருங்கள். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் எடுங்கள்: 5.7 முதல் 6.4 சதவீதம் வரை என்றால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை.

ரத்தசோகை இருந்தால் அந்த எண் ஏமாற்றும். சர்க்கரையை ஏற்றும் ஸ்டீராய்டு மாத்திரை எதையாவது அப்பா சாப்பிடுகிறார் என்றால் மருத்துவரிடம் முதலில் அதைச் சொல்லுங்கள்; நீங்களாக நிறுத்த வேண்டாம்.