காப்பாற்ற ஓடியவரையும் கொலைகாரனாகக் காணும் கண்கள்: சில கேள்விகளும் பதில்களும்

பொது இடத்தில் துப்பாக்கிச்சூடு நடக்கும்போது, அங்கிருக்கும் ஆயுதம் தாங்கிய குடிமகன் குறுக்கிடலாமா என்று அமெரிக்காவில் வசிக்கும் வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒரே பொருளைச் சுற்றி வந்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் தருகிறேன்.

இந்தியானாவில் 22 வயது இளைஞர் ஒருவர் வணிக வளாகத்தில் சுட்டுக்கொண்டிருந்தவனை வீழ்த்தினாரே? எல்லோரிடமும் துப்பாக்கி இருந்தால் உயிரிழப்பு குறையும்தானே?

2022 ஜூலை 17 அன்று கிரீன்வுட் நகரில் நடந்ததை யாரும் மறுக்க முடியாது. மூன்று பேரைக் கொன்றவனை அந்த இளைஞர் ஏறத்தாழ 40 கஜத் தொலைவிலிருந்து சுட்டார். அவர் சுட்ட 10 தோட்டாக்களில் 8 இலக்கில் பட்டன, எல்லாம் 15 விநாடிக்குள் முடிந்தது. அவர் சுடாதிருந்தால் பலி கூடியிருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் இத்தகைய முடிவு எவ்வளவு அரிது என்பதையும் பார்க்க வேண்டும். 2000 முதல் 2013 வரை நடந்த 160 சம்பவங்களை எஃப்.பி.ஐ. ஆராய்ந்தபோது, காவல்துறையைச் சேராத ஆயுததாரிகள் பதிலுக்குச் சுட்டதால் முடிவுக்கு வந்தவை ஐந்துதான். அந்த ஐந்திலும் நான்கில் சுட்டவர்கள் பணியிலிருந்த பாதுகாவலர்கள்; உரிமம் பெற்ற சாதாரணக் குடிமகன் ஒருவரே. அதே காலத்தில், கையில் ஆயுதமே இல்லாதவர்கள் அடக்கியதால் முடிந்த சம்பவங்கள் 21. தொலைக்காட்சி விவாதங்களில் இந்தக் கடைசி எண்ணை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

நான் கொலைகாரன் அல்ல என்பது போலீசாருக்குத் தெரியாதா?

தெரியாது. இந்த விஷயத்தில் ஆகப் பெரிய ஆபத்து இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

2021 ஜூன் 21 அன்று கொலராடோ மாநிலத்தின் ஆர்வடா நகரில் ஒருவன் காவலர் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டு, வண்டிக்குத் திரும்பி ரைபிள் ஒன்றை எடுத்துக்கொண்டு மீண்டும் வந்தான். அருகிலிருந்த கடையில் நின்ற 40 வயது மனிதர் ஒருவர் தம் கைத்துப்பாக்கியுடன் வெளியே ஓடி வந்து அவனைச் சுட்டு வீழ்த்தினார். அதுவரை அவர் செய்தது அனைத்தும் சரி. அதன் பிறகு, விழுந்தவனின் ரைபிளை அவர் கையில் எடுத்தார். அந்த வேளையில் அங்கு வந்த இன்னொரு காவலர் கண்டது ரைபிளுடன் நிற்கும், சீருடை அணியாத ஒருவரைத்தான். ஆகவே சுட்டார், காப்பாற்றியவர் இறந்தார். அந்தச் சூழ்நிலையில் காவலர் அவ்வாறு நம்பியது நியாயமானதே என்று கூறி மாவட்ட வழக்கறிஞர் வழக்குத் தொடர மறுத்தார். பின்னர் நகர நிர்வாகம் குடும்பத்தாருக்கு 28 லட்சம் டாலர் தர இணங்கியது.

2018 நவம்பர் 22 இரவு, அலபாமாவின் ஹூவர் நகர வணிக வளாகத்தில் துப்பாக்கிச் சத்தம் கேட்டபோது, கையில் துப்பாக்கியுடன் ஓடிய 21 வயது கறுப்பின இளைஞரைக் காவலர் ஒருவர் சுட்டுக் கொன்றார். வளாகத்தில் சுட்டது அந்த இளைஞர்தான் என்று முதலில் அறிவித்த காவல்துறை மறுநாளே அதைத் திரும்பப் பெற்றது. உண்மையில் சந்தேகத்துக்குரியவன் வேறொருவன், அவன் ஜார்ஜியாவில் பிடிபட்டான். இங்கும் காவலர் மீது குற்றம் சாட்டப்படவில்லை. தோலின் நிறம் இந்த நொடிநேர முடிவுகளில் தலையிடுவதில்லை என்று சொல்ல நான் தயாராக இல்லை. நம்மவர்களும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

2016 ஜூலையில் டெக்சாஸின் டல்லஸில் ஊர்வலம் ஒன்றின்போது ஐந்து காவலர்கள் கொல்லப்பட்ட இரவில், அந்த ஊர்வலத்தில் சட்டப்படி ரைபிள் ஏந்தி வந்திருந்தவர்கள் இருபது முப்பது பேர் என்று அன்றைய காவல் தலைவர் டேவிட் பிரவுன் கூறினார். அவர்களில் குற்றமற்ற ஒருவரின் படத்தைக் காவல்துறையே சந்தேக நபர் என்று வெளியிட்டுவிட்டது.

போலீசார் வருவதற்குள் முடித்துவிட்டால் அந்த ஆபத்து இல்லையே?

உங்களைப்போலவே எண்ணும் இன்னொரு ஆயுததாரி அங்கே இருக்கலாம். 2011 ஜனவரி 8 அன்று டூசானில் நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபோர்ட்ஸ் சுடப்பட்டபோது, பக்கத்துக் கடையிலிருந்து ஆயுதத்துடன் ஓடிவந்த ஒருவர், கையில் துப்பாக்கியுடன் நின்றவரைக் கண்டு அவர்தான் கொலையாளி என்று எண்ணினார். உண்மையில் அப்படி நின்றவர் கொலையாளியிடமிருந்து துப்பாக்கியைப் பறித்தவர். ஓடிவந்தவர் தம் துப்பாக்கியை உருவாமல் நிதானித்ததால் ஓர் உயிர் தப்பியது. கொலையாளியைத் தரையில் அமுக்கியவர்களிடம் ஆயுதம் எதுவும் இருக்கவில்லை; அவர்களில் ஒருவருக்கு வயது 74.

சுடுபவனைப் பின்னாலிருந்து நெருங்கினால்?

அவன் தனியாள் என்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? 2014 ஜூனில் லாஸ் வேகஸ் வால்மார்ட் ஒன்றில் உரிமம் பெற்ற 31 வயது மனிதர் ஒருவர் துப்பாக்கிதாரியை நோக்கிப் போனார். சாதாரண வாடிக்கையாளரைப்போல அருகில் நின்ற பெண் அவனுடைய மனைவி என்பதை அவர் அறியவில்லை. அவள் கையால் இறந்தார். 2005 பிப்ரவரியில் டெக்சாஸின் டைலர் நகர நீதிமன்ற வளாகத்தில் இன்னொருவர் சுட்ட குண்டு இலக்கில் பட்டும் பயனில்லை. எதிராளி குண்டு துளைக்காத கவசம் அணிந்திருந்தான். திருப்பிச் சுட்டு அவரைக் கொன்றான்.

வாரந்தோறும் சுடும் பயிற்சிக்குப் போகிறேன். என் குறி தவறாது.

அசையாத அட்டை இலக்கில் தவறாதிருக்கலாம். நியூயார்க் காவல்துறையின் 1998 முதல் 2006 வரையிலான பதிவுகளை ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் ஆராய்ந்ததில், இருதரப்பும் சுட்டுக்கொண்ட மோதல்களில் காவலர்களின் தோட்டாக்களில் சராசரியாக 18 விழுக்காடே இலக்கை அடைந்தன. இவர்கள் சம்பளம் வாங்கிப் பயிற்சி பெற்றவர்கள். 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் அருகே இரண்டு காவலர்கள் 16 முறை சுட்டபோது வழிப்போக்கர் ஒன்பது பேர் காயமடைந்தனர்; ஒன்பது பேரும் காவலர்களின் குண்டுகளாலோ அவற்றின் சிதறல்களாலோதான் காயமுற்றனர்.

தவறுதலாக வேறு யார் மீதாவது பட்டுவிட்டால், நல்லெண்ணம் சட்டத்தில் செல்லுமா?

மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸ் தண்டனைச் சட்டம் பிறரைக் காக்கச் சுடுவதை அனுமதிக்கிறது. ஆனால் அதன் 9.05ஆம் பிரிவின்படி, அவ்வாறு சுடும்போது பொறுப்பற்ற முறையில் அப்பாவி ஒருவரைக் காயப்படுத்தினாலோ கொன்றாலோ, அந்தக் குற்றத்துக்கு அதே பாதுகாப்பைக் கோர முடியாது.

எச்1பி வேலை விசாவில் டல்லஸ் அருகே இருக்கிறேன். இங்கே ஆலன் நகர வணிக வளாகத்தில் நடந்த துப்பாக்கிச்சூட்டுக்குப் பிறகு துப்பாக்கி வாங்க எண்ணுகிறேன்.

முதலில் வழக்கறிஞரைப் பாருங்கள். எச்1பி போன்ற, குடியேற்றம் சாராத விசாவில் இருப்போர் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் பொதுவாகத் தடைசெய்கிறது. வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் தகுதியுள்ளவர்கள் உரிமம் இன்றியே கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம் என்பதால் இந்தத் தடை நீங்கிவிடவில்லை.

என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, சூடும் தொடங்கிவிட்டது. அப்போது என்ன செய்வது?

ஓடு, ஒளிந்துகொள், வேறு வழியே இல்லையென்றால் போராடு என்ற வரிசைதான் அங்கே அதிகாரிகள் சொல்லித்தருவது. இடுப்பில் ஆயுதம் இருப்பதால் அந்த வரிசை மாறாது. உடன் வந்தவர்களை வெளியேற்றுங்கள். வெளியேற முடியாவிட்டால் கதவை அடைத்து, 911ஐ அழைத்து, உங்கள் அடையாளத்தையும் உடையின் நிறத்தையும், ஆயுதம் வைத்திருப்பதையும் சொல்லுங்கள். சுட்டே ஆகவேண்டிய நிலை வந்தால், அவனுக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். ஆபத்து நீங்கியதும் துப்பாக்கியை உறைக்குள் வையுங்கள், யாரையும் துரத்தாதீர்கள். போலீசார் குரல் கொடுத்தால், கையில் ஆயுதத்துடன் அவர்கள் பக்கம் திரும்பாமல், இருந்தால் கீழே போட்டுவிட்டு, வெறுங்கைகளை விரல் விரித்து உயர்த்தி, சொன்னபடி செய்யுங்கள்; விளக்கங்களை விலங்கு மாட்டிய பிறகும் சொல்லலாம். விழுந்தவனின் துப்பாக்கியை மட்டும் எக்காரணம் கொண்டும் கையில் எடுக்காதீர்கள்.