மூன்று பேர் காசு, ஒரே ஆடு: குர்பானி கூடுமா?

பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வாப்பா மௌத்தான (இறந்த) பிறகு வரும் முதல் பக்ரீத். அண்ணன் தம்பி மூன்று பேர், உம்மாவோடு ஒரே வீடு, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு புளியந்தோப்பு ஆட்டுத்தொட்டியில் ஒரு வெள்ளாட்டுக் கிடாய் பார்த்து வைத்திருக்கிறார்கள். விதையடித்த கிடாய், காதில் ஒரு கீறல். அறுக்கிறவரோ தோலைக் கொடுத்தால் கூலியைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறார். இது குர்பானியாக, அதாவது பக்ரீத் பலியாகக் கூடுமா?

முதலில் காசு விஷயம், ஏனென்றால் நிறைய வீடுகளில் தப்பு நடப்பது இங்கேதான். ஆட்டில் பங்கு கிடையாது தம்பி. ஏழு பேர் வரை சேரலாம் என்பது மாட்டுக்கும் ஒட்டகத்துக்கும் உள்ள சட்டம். மூன்று பேரும் ஆளுக்கொரு பங்கு என்று நிய்யத் (மனதில் எண்ணம்) வைத்து ஆட்டை அறுத்தால் கறி கிடைக்கும், குர்பானி ஆகாது. வழி இருக்கிறது, கவலை வேண்டாம்: மூன்று பேர் பணத்தையும், என்னைக் கேட்டால், உம்மா கையில் அன்பளிப்பாகக் கொடுத்துவிடுங்கள், அது அவர் பணமாகிவிடும், அதில் ஆடு வாங்கி அவர் பெயரில் அறுக்கலாம், நன்மையில் வீட்டார் எல்லாரையும் சேர்த்துக்கொள்ளலாம். பக்ரீத் வரும் துல்ஹஜ் மாதப் பிறை பிறந்ததிலிருந்து அறுத்து முடியும்வரை முடி, நகம் வெட்டாமல் இருக்க வேண்டியவரும் அப்போது உம்மாதான்.

ஷாஃபி மத்ஹபில் (மத்ஹப் என்றால் மார்க்கச் சட்ட வழி) குர்பானி வலியுறுத்தப்பட்ட சுன்னத் (நபிவழி), வீட்டில் ஒருவர் கொடுத்தால் போதும். ஹனஃபி மத்ஹபில் வாஜிப் (கட்டாயக் கடமை), கடனும் அன்றாடத் தேவையும் போக சுமார் 612 கிராம் வெள்ளியின் மதிப்பு எவரிடம் இருக்கிறதோ, அவர் தனக்கெனத் தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் ஹனஃபி, அண்ணனிடம் அவ்வளவு இருக்கிறது என்றால் உம்மா பெயரில் கொடுத்தது அண்ணனின் கடமையைத் தீர்க்காது, அவர் மஹல்லாவில் (பள்ளிவாசல் ஜமாஅத்தில்) மாட்டுக்கான கூட்டுக் குர்பானியில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளட்டும்.

அப்புறம் கிடாய். விதையடித்தது குறையே இல்லை, நபி (ஸல்) அவர்களே அப்படிப்பட்ட கிடாய்களைக் கொடுத்திருக்கிறார்கள். காதில் வெறும் கீறலோ துளையோ இருந்தால் பரவாயில்லை. சதை துண்டாகிப் போயிருந்தால் ஷாஃபியில் சிறிதானாலும் கூடாது, ஹனஃபியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால்தான் கூடாது. காதை விட வாயைப் பாருங்கள். கீழுதட்டை விரலால் இறக்கினால் பொடிப் பால்பற்களுக்கு நடுவே அகலமாக இரண்டு பல் தெரியும். அது ஒரு வயது தாண்டியதற்கு அடையாளம், ஹனஃபிக்குப் போதும். ஷாஃபியில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது முடிய வேண்டும், ஆகவே நாலு பல் போட்டதாகப் பாருங்கள், வயதையும் விற்பவரிடம் கேளுங்கள். கொஞ்சம் நடக்கவிட்டும் பாருங்கள். தெளிவாகத் தெரியும் நொண்டி, ஒற்றைக்கண், நோய், எலும்பும் தோலுமான மெலிவு, இந்த நான்கும் ஹதீஸிலேயே விலக்கப்பட்டவை.

தோல் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். அறுப்பவருக்கு குர்பானிப் பிராணியிலிருந்து எதையும் கூலியாகத் தரக்கூடாது என்று அலி (ரலி) அவர்களுக்கு நபியவர்கள் கட்டளையிட்டார்கள், கூலியைத் தங்கள் கையிலிருந்து கொடுத்தார்கள். ‘அவற்றின் இறைச்சியோ ரத்தமோ அல்லாஹ்வை அடைவதில்லை, உங்கள் தக்வாவே (இறையச்சமே) அவனை அடைகிறது’ என்கிறது குர்ஆன் (22:37). அவனுக்கென்று கொடுத்த ஒன்றை வைத்து நம் செலவை மிச்சப்படுத்துவது எப்படிச் சரியாகும்? பேசிய கூலியை முழுதாக ரூபாயில் கொடுங்கள். தோலை ஏழைக்கோ மதரஸாவுக்கோ கொடுக்கலாம், நீங்களே பதப்படுத்தி வைத்துக்கொள்ளலாம், விற்றுக் காசை எடுத்துக்கொள்ளக் கூடாது. கூலி முழுதாகக் கொடுத்த பிறகு அறுத்தவருக்கும் எல்லாரையும் போல ஒரு பை கறி தரலாம்.

பெருநாள் தொழுகைக்கு முன்னால் அறுத்துவிடாதீர்கள், அது வெறும் கறி. ஹனஃபியில் பிறை 12 மஃரிபு (சூரியன் மறையும் நேரம்) வரை, ஷாஃபியில் 13 மஃரிபு வரை நேரம் இருக்கிறது, கூட்டத்தில் அடித்துப்பிடித்து நிற்க வேண்டியதில்லை. கத்தியை முன்கூட்டியே தீட்டிவிடச் சொல்லுங்கள், ஆட்டின் கண் முன்னால் தீட்டக் கூடாது. தண்ணீர் காட்டுங்கள். உயிர் அடங்குவதற்குள் தோலுரிக்கத் தொடங்கினால் தடுத்து நிறுத்துங்கள், அவசரத்தில் பலர் அப்படித்தான் செய்கிறார்கள். உம்மாவால் முடிந்தால் அறுக்கும்போது பக்கத்தில் நிற்கட்டும், அது சுன்னத்.