1205 பிழையும் பாதி பதிவான ஆர்டரும்

வணக்கம். மைஎஸ்க்யூஎல்லில் ஆர்டர் பதியும்போது அவ்வப்போது 1205 பிழை, அதாவது பூட்டுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்துவிட்டது என்ற பிழை, வருகிறது. பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை 50 நொடியிலிருந்து 120 ஆக்கியும் பயனில்லை. பிழை வந்தால் அதே அப்டேட்டை மூன்று முறை ஓட்டுகிறேன். அப்போதும் முடியாவிட்டால் பிழையைக் குறித்துவிட்டு, மாற்றங்களை நிலைப்படுத்தும் கமிட்டுக்குப் போகிறேன். சில ஆர்டர்கள் பதிவாகின்றன, சரக்கு இருப்பு மட்டும் குறைவதில்லை. ஏன்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

1205 வந்ததும் டிரான்சாக்‌ஷன், அதாவது ஒன்றாக நிறைவேற வேண்டிய கட்டளைத் தொகுப்பு, முழுவதும் ரத்தாகிவிட்டது என்று நினைத்துவிட்டீர்கள். மைஎஸ்க்யூஎல்லின் சேமிப்பு இயந்திரமான இன்னோடிபி இயல்பாக ரத்து செய்வது காத்துக்கொண்டிருந்த அந்த ஒரு அப்டேட்டை மட்டும்தான். அதற்கு முன் போட்ட ஆர்டர் இன்சர்ட் அப்படியே இருக்கிறது; கமிட் அதை நிலைப்படுத்திவிடுகிறது. இரண்டு டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றின் பூட்டுக்கு மற்றொன்று காத்து நிற்கும் டெட்லாக் என்றால், அதாவது 1213 பிழை என்றால், முழு டிரான்சாக்‌ஷனும் போய்விடும். இரண்டையும் ஒரே மாதிரி கையாளக் கூடாது.

எனவே 1205 வந்தால் முதல் வேலை ரோல்பேக், அதாவது முழு டிரான்சாக்‌ஷனையும் ரத்து செய்வது. பிறகு அதைத் தொடங்கும் பிகின் கட்டளையிலிருந்து, இருப்பைப் படிப்பது உட்பட, எல்லாவற்றையும் புதிதாகச் செய்யுங்கள். மூன்று முறை போதும். நடுவே சீரற்ற சிறு இடைவெளி விடுங்கள். இப்போது நீங்கள் செய்வது, பிடித்த பூட்டுகளை விடாமலே 120 நொடி வீதம் மூன்று தடவை, ஆறு நிமிடம் வரிசையில் நிற்பது. அந்தப் பூட்டுகளுக்காக உங்களுக்குப் பின்னால் நிற்பவர்களுக்கும் 1205தான்.

அடுத்து, மறித்துக்கொண்டிருப்பது யார்? காத்திருப்பு நடக்கும்போதே சிஸ் ஸ்கீமாவில் (sys) உள்ள இன்னோடிபி லாக் வெயிட்ஸ் (innodb_lock_waits) வியூவைப் பாருங்கள். மறிக்கும் இணைப்பின் எண்ணான பிளாக்கிங் பிஐடி, அது ஓட்டும் கட்டளையான பிளாக்கிங் க்வெரி இரண்டும் அதில் வரும். க்வெரி பெரும்பாலும் நல் (NULL, வெற்று) என்றே இருக்கும்: வேலையை முடித்துவிட்டு கமிட் செய்யாமல் தூங்கும் செஷன். அப்டேட்டுக்கும் கமிட்டுக்கும் நடுவே பேமென்ட் ஏபிஐ, மெயில் அனுப்புதல் ஏதாவது உட்கார்ந்திருக்கும். வெளியே எடுத்துவிடுங்கள். உள்ளேயே விட்டால், மறுமுயற்சியில் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடிக்கும் ஆபத்தும் உண்டு.

பிளாக்கிங் க்வெரியில் ஓர் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தால், அது எப்படி நிறைவேறுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெயின் (EXPLAIN) போடுங்கள். நிபந்தனை எழுதும் வேர் (WHERE) பகுதியிலுள்ள காலத்துக்கு (column) இன்டெக்ஸ் இல்லையென்றால், இயல்பான தனிமைப்படுத்தல் நிலையான ரிப்பீட்டபிள் ரீடில் அது வருடிச் செல்லும் வரிசைகள் (rows) எல்லாமே பூட்டப்படும். மாறுவது ஒரு வரிசைதான். மாட்டிக்கொள்வது மொத்த டேபிள்.

நீங்கள் 120 ஆக்கிய டைம்அவுட்டை (innodb_lock_wait_timeout) ஏற்றாதீர்கள், இறக்குங்கள். இணையக் கோரிக்கைகளுக்கு செஷன் அளவில் 5 நொடி வையுங்கள். நீண்ட பேட்ச் வேலைகளுக்குத் தனி மதிப்பு. ஆனால் டேபிளின் அமைப்பை மாற்றும் ஆல்டர் டேபிள் காத்து நிற்கும் மெட்டாடேட்டா பூட்டுக்கு, அதாவது டேபிளின் வடிவமைப்பைக் காக்கும் பூட்டுக்கு, இந்த டைம்அவுட் பொருந்தாது. அதற்கு லாக் வெயிட் டைம்அவுட் (lock_wait_timeout) என்று வேறொன்று. இயல்பு மதிப்பு 31536000 நொடி. ஆம், முழுதாக ஒரு வருடம்! ஆல்டருக்கு முன் அந்த செஷனில் அதை 10 ஆக்கிவிடுங்கள்.