கேளுங்கள், சொல்கிறோம்: பியூரெட்டும் பிப்பெட்டும்

? தரம் பார்த்தலில் (பியூரெட்டில் உள்ள அமிலம், குடுவையில் உள்ள சோடியம் ஹைட்ராக்சைடு காரத்துக்கு எவ்வளவு செலவாகிறது என்று அளப்பது) எனக்கு முதல் அளவு மட்டும் எப்போதும் கூடுதலாக வருகிறது. 20.6 மி.லி., அப்புறம் 20.2, 20.2. ஏன்?
– பிளஸ் டூ மாணவி, தேனி

பியூரெட்டின் (அளவுக்கோடுகளும் அடியில் திறப்பும் உள்ள நீண்ட குழாய்) நுனியைப் பாருங்கள். குழாய்த் திறப்புக்குக் கீழே காற்றுக்குமிழி நின்றிருக்கும். தரம் பார்க்கும்போது அது வெளியேறி, அந்த இடத்தை அமிலம் நிரப்பும். குடுவைக்குள் விழாத அமிலமும் உங்கள் கணக்கில் ஏறிவிடும். 20 மி.லி.யில் 0.2 மி.லி. பிசகினாலே ஒரு சதவீதப் பிழை. பியூரெட்டை நிரப்பியதும் திறப்பை ஒரு கணம் முழுதாகத் திறந்து மூடினால் குமிழி ஓடிவிடும். பிறகுதான் தொடக்க அளவைக் குறிக்க வேண்டும்.

குமிழி இல்லையென்றால், கழுவியதில் கோளாறு. பியூரெட்டைத் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே அமிலத்தை ஊற்றினால், சுவரில் ஒட்டிய ஈரம் முதல் நிரப்பலை நீர்த்துவிடும், அளவு கூடும். ஊற்றப்போகும் கரைசலிலேயே இரண்டு முறை அலசுங்கள். குறித்த அளவு கரைசலை எடுத்துக் குடுவையில் விடும் பிப்பெட்டுக்கும் இதேதான். ஆனால் கூம்புக் குடுவைக்கு வாலை வடிநீர் மட்டும்! அதையும் சோடியம் ஹைட்ராக்சைடில் அலசுகிறவர்கள் உண்டு. சுவரில் தங்கிய காரத்துக்கும் சேர்த்து அமிலம் செலவாகும். குடுவை ஈரமாக இருந்தால் பரவாயில்லை. உள்ளே இருக்கும் காரத்தின் அளவு தண்ணீரால் மாறாது.

பியூரெட்டை நிரப்பிய புனலை எடுக்க மறந்தால் நேர்மாறாக அளவு குறையும். நடுவில் ஒரு சொட்டு விழுந்து மட்டத்தை ஏற்றிவிடும்.

? பியூரெட்டில் காரம், குடுவையில் ஆக்சாலிக் அமிலம். இளஞ்சிவப்பு வந்து ஒரு நிமிடத்தில் மறைந்துவிடுகிறது. இன்னும் ஊற்றலாமா?
– மாணவர், விருதுநகர்

வேண்டாம். குலுக்கிய பிறகும் அரை நிமிடம் நிறம் நின்றாலே முடிவுநிலைதான், அதாவது அமிலம் முழுதும் நடுநிலையாகிவிட்டது. அதன்பின் வெளுப்பதற்குக் காரணம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. ரோஸ் நிறம் ‘பளிச்’சென்று தெரிய வேண்டும் என்று ஊற்றிக்கொண்டே போவதுதான் மாணவர்கள் அதிகம் செய்யும் தவறு. கீழே வெள்ளைத் தாள் வைத்தால் மெல்லிய நிறமும் தெரியும். கடைசியில் நுனியில் தொங்கும் அரைச்சொட்டைக் குடுவைச் சுவரில் தொட்டெடுத்து, வாலை வடிநீரால் உள்ளே கழுவி விடுங்கள்.

? அந்த இளஞ்சிவப்பைக் காட்டும் பினாப்தலீன் தீர்ந்துவிட்டால் மெத்தில் ஆரஞ்சு போடலாமா?
– ஆய்வக உதவியாளர், கடலூர்

மேலே சொன்ன ஆக்சாலிக் அமிலச் சோதனைக்கு ஆகாது. நடுநிலையாக்கிய பின் இருப்பது சோடியம் ஆக்சலேட்; கரைசல் சற்றே காரத்தன்மையுடன் இருக்கும். மெத்தில் ஆரஞ்சு நிறம் மாறுவதோ பி.எச். 3.1க்கும் 4.4க்கும் இடையில், அதாவது கரைசல் இன்னும் அமிலமாக இருக்கும்போதே. ஹைட்ரோகுளோரிக் அமிலம் – சோடியம் கார்பனேட் சோதனைக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள்.

? 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் 250 மி.லி. தயாரிக்க எவ்வளவு எடை?
– மாணவி, அரியலூர்

படிக அமிலத்தின் சமான எடை 63. 1 நார்மல் என்றால் லிட்டருக்கு ஒரு சமான எடை (கிராமில்). எனவே 63 × 0.1 × 0.25 = 1.575 கிராம்.