காலாறவா, காலாரவா?

கேள்வி: ஜப்பான் சுற்றுலாவில் ஒரு நாள் தகாயாமா. அங்குள்ள புகழ்பெற்ற காலைச் சந்தையில் ‘காலார’ நடக்க 45 நிமிடம் ஒதுக்கியிருக்கிறார்கள். போதுமா? பேரம் பேசலாமா?
- வாசகர், திருப்பூர்

பதில்: போதாது. பேசக்கூடாது. கேள்விக்குப் பதில் முடிந்தது. இனி அந்தக் ‘காலார’வுக்கு வருவோம்.

கண்ணாரப் பார்ப்பது, வாயாரப் புகழ்வது, வயிறாரச் சாப்பிடுவது எல்லாவற்றிலும் இருப்பது ‘ஆர’. நிறைய என்று பொருள். அந்தப் பந்தியில் காலையும் உட்காரவைத்துக் ‘காலார’ என்று எழுதுகிறவர்கள் ஒரு கட்சி. களைத்த கால் ஆற நடப்பது ‘காலாற’ என்பது இன்னொரு கட்சி. இந்தப் பக்கம் என்றைக்கும் வல்லின ற கட்சிதான். ‘நடந்தால் கால் வலிக்குமே, எப்படி ஆறும்?’ என்று மடக்குகிறவர்கள், பஸ்ஸிலும் ரயிலிலும் மடங்கிக் கிடந்த காலையே கேட்டுப் பார்க்கட்டும். ஆனால் உங்கள் 45 நிமிடத்தில் சின்ன ர-வுக்கும் இடமில்லை, பெரிய ற-வுக்கும் இடமில்லை. அது கால் ஓட.

ஏனென்றால் தகாயாமாவில் சந்தை ஒன்றல்ல, இரண்டு. ஜின்யா என்ற பழைய அரசு அலுவலகத்துக்கு எதிரே திடலில் ஒன்று, மியாகாவா ஆற்றின் கரையில் காஜி பாலத்திலிருந்து யாயோய் பாலம் வரை சுமார் 350 மீட்டருக்கு இன்னொன்று. நடுவே பத்து நிமிட நடை. ஏப்ரல் முதல் நவம்பர் வரை காலை 7 மணிக்கும், குளிர்மாதங்களில் 8 மணிக்கும் தொடங்கிப் பகல் 12க்கு முடியும். முடியும் என்றால், பதினொன்றரைக்கே தார்பாயை மடிக்கத் தொடங்கிவிடுவார்கள். சுற்றுலா பஸ்கள் பத்து மணிக்கு வந்து இறக்கும்போது நல்ல காய்கறி உள்ளூர்க்காரர் பையில் வீடு போய்ச் சேர்ந்திருக்கும். மிச்சம் சாவிக்கொத்தும் கூட்டமும்.

ஆகவே முந்தின இரவே அந்த ஊரில் தங்குங்கள். ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஜின்யா. 1692இல் அன்று ஜப்பானை ஆண்ட தோகுகாவா அரசு, தகாயாமா இருக்கும் ஹிடா நாட்டைத் தன் நேரடி ஆட்சிக்குள் எடுத்துக்கொண்ட பிறகு அதன் அதிகாரிகள் உட்கார்ந்த கச்சேரி அது. 1969 வரைக்கும் அரசு அலுவலகமாகவே ஓடியது. உள்ளே போக 8:45 ஆகும். 7 மணிக்கு வாசலில் உள்ள சந்தை போதும். இது விவசாயிகள் சந்தை: கீரை, பூ, காய், ஊறுகாய். அங்கே முடித்து, சிவப்பு நகாபாஷி பாலத்தைத் தாண்டி, பழைய மரவீடுகள் நிற்கும் சன்மாச்சித் தெருக்கள் வழியாக வடக்கே ஆற்றோரச் சந்தைக்குப் போங்கள். வழியில் கடைகள் பூட்டியிருக்கும், அதுதான் நல்லது. மரச்சட்டக் கதவுகளைக் கண்ணார (இங்கே சின்ன ர) பார்க்கலாம். மதுக்கடை வாசலில் தொங்கும் தேவதாரு இலைப் பந்து பச்சையாக இருந்தால் புது மது இறங்கியிருக்கிறது. பழுப்பேறியிருந்தால் இறக்கி மாதக்கணக்காகிவிட்டது. அந்தக் கதவுகளின் மரவேலைக்கும் ஒரு வரலாறு உண்டு. எட்டாம் நூற்றாண்டுச் சட்டப்படி ஹிடா மக்கள் உழைப்பு வரி, துணி வரி இரண்டும் கட்ட வேண்டாம். பதிலாக 50 வீட்டுக்கு 10 ஆள் வீதம் தலைநகருக்குத் தச்சர்களை அனுப்ப வேண்டும். நம் வரி அதிகாரிகள் கண்ணில் இது படாமலிருக்கட்டும்.

பேரத்துக்கு வருகிறேன். திருப்பூர்க்காரரை வாயைக் கட்டச் சொல்வது பாவம்தான். ஆனால் அட்டையில் எழுதியதுதான் விலை. குறைத்துக் கேட்டால் அந்தப் பாட்டி சிரிப்பார், சம்மதிக்கிறார் என்று எண்ணிவிடாதீர்கள். அதற்குப் பதில் ‘ஒமாகே’ உண்டு. தமிழில் கொசுறு. நம் கொசுறு உரிமை: கறிவேப்பிலை தராத கடைக்கு மறுநாள் போகமாட்டோம். அங்கே அது கருணை: கேட்டால் கிடைக்காது, இரண்டு பொட்டலம் வாங்கிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு நின்றால் ஓர் ஆப்பிள் தானாகப் பைக்குள் விழலாம். விழாமலும் போகலாம். கொசுறைக் கேட்காமல் நிற்பது எப்படி என்று கோயம்பேட்டில் பயிற்சி எடுக்க முடியாது. 100 யென், 500 யென் நாணயங்களாக வைத்துக்கொள்ளுங்கள். காலை ஏழு மணிக்கு 10,000 யென் தாளை நீட்டினால் பாட்டியிடம் சில்லறை இருக்காது.

சாப்பிட மிதராஷி தங்கோ: அரிசிமாவு உருண்டை ஐந்து, ஒரு குச்சியில், கரியில் வாட்டியது. மற்ற ஊர்களில் இனிப்புப் பாகு பூசுவார்கள். இங்கே வெறும் சோயா சாஸ், உப்புக் கரிக்கும். கொழுக்கட்டையை எதிர்பார்த்துக் கடித்தவர்கள் முகம் சுளிப்பார்கள். நின்று தின்றுவிட்டுக் குச்சியை அதே கடையில் கொடுங்கள்; தெருவில் குப்பைத்தொட்டி தேடினால் கிடைக்காது. பக்கத்தில் சிவப்பாகத் தொங்கும் சாருபோபோ பொம்மைக்கு முகம் கிடையாது. ‘குரங்குக் குட்டி’ என்று பெயர்; பார்ப்பவர் மனசுதான் அதன் முகமாம். 45 நிமிடக்காரரிடம் அது பதறித்தான் இருக்கும்.

‘ஜப்பானின் மூன்று பெரும் காலைச் சந்தைகளில் ஒன்று’ என்று உங்கள் பயணத் தாளில் இருக்கும். இந்த ‘மூன்று பெரும்’ வியாதிக்கு மருந்தில்லை. அந்தப் பட்டியலில் உள்ள வாஜிமா என்ற கடலோர ஊரின் சந்தைத் தெரு 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் எரிந்துபோனது. அதே வசந்தத்தில் அந்த வியாபாரிகள் கனசாவா நகரில் கடை விரித்தார்கள். பட்டியல் போடுகிறவர்கள் அதையும் எழுதலாம்.

கடைசியாக, வாங்க வேண்டியது சிவப்பு டர்னிப் ஊறுகாய். மிளகாய், எண்ணெய் கிடையாது. உப்பும் மேலே ஏற்றிய பாரமும்தான். அந்தக் கிழங்குக்குத் தோல் மட்டுமே சிவப்பு, உள்ளே வெள்ளை. ஊற ஊறப் புளிப்பேறி, தோலின் சாயம் இறங்கி, உள்ளும் சிவந்துவிடும். சைவர்கள் பொட்டலத்தில் மீன் சாறு சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். சூடாக்கிப் பதப்படுத்தாத பொட்டலம் பெட்டிக்குள்ளும் புளித்துக்கொண்டே இருக்கும். வாயு சேர்ந்து உப்பும். அதனால் ஊர் திரும்பும் கடைசி நாட்களிலேயே வாங்குங்கள், அறையில் குளிர்பெட்டியில் வையுங்கள். விமானத்தில் கைப்பையில் விடமாட்டார்கள், ஊறுகாய்ச் சாறும் திரவம்தான். பெரிய பெட்டிக்குள் இரண்டு பிளாஸ்டிக் உறை போட்டு வையுங்கள். கசிந்து வெள்ளைப் பனியனில் ஏறினால் உடனே சோப்பைத் தேய்க்காதீர்கள். புளிப்பில் சிவப்பாக இருக்கும் அந்தச் சாயம் சோப்பின் காரத்தில் நீலம் பாயும். அப்புறம் அது உங்கள் ஊர்ச் சாயப்பட்டறைக்காரர் பாடு.