62 புத்தகம் படித்தும் ஒன்றும் நினைவில்லையே?

கேள்வி: அன்புள்ள அக்கா, போன வருஷம் 62 புத்தகம் படித்தேன். முடித்ததும் அட்டையைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் போட்டுவிடுவேன். ஆனால் யாராவது "அந்த நாவல் எப்படி?" என்றால் "நல்லா இருந்துச்சு" என்பதற்கு மேல் வாயில் வரமாட்டேன் என்கிறது. கதை எழுதவும் ஆசை. எழுதிய நாலும் எனக்கே சப்பென்று இருக்கின்றன. இன்னும் நிறையப் படித்தால் சரியாகுமா? ஒரு எழுத்துப் பட்டறையில் 3,500 ரூபாய் கேட்கிறார்கள், சேரலாமா?
(பெயர் வேண்டாம், விருதுநகர்)

பதில்: சரியாகாது. 62-ல் வராதது 100-லும் வராது.

உங்களைப் போலவே பெரிய பட்டியல் ஒன்றை வைத்திருந்தவர் உ.வே.சாமிநாதையர். 1880-ல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது 25. அந்த ஊருக்கு முன்சீப்பாக, அதாவது கீழ்க்கோர்ட் நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்க, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று இவர் அடுக்கினார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவராயிற்றே, பட்டியலுக்கு என்ன குறைச்சல்! முதலியார் அசரவில்லை. இதையெல்லாம் படித்து என்ன பிரயோசனம் என்கிற தோரணையில் பேசிவிட்டு, சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. அப்புறம் ஒரு கையெழுத்துப் பிரதியை அவரே கொடுத்தார்.

அதற்குப் பிறகு நடந்ததைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். பிரித்துப் பார்த்தால் பல இடங்கள் பிடிபடவில்லை. ஒரு தமிழ் வாத்தியார் புரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவர் போகவில்லை. சமண காவியம் என்பதால் ஊரில் இருந்த ஜைனர்களைத் தேடிப் போய் அவர்கள் சமயக் கருத்துகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். சிந்தாமணிக்குப் பழைய உரை எழுதியவர் நச்சினார்க்கினியர்; அவர் உரையில் நூல் பெயர் சொல்லாமல் மேற்கோள் வரும். அந்த வரி எங்கிருந்து வருகிறது என்று ஏடு ஏடாகத் தேடினார். சங்க நூல்களுக்குள் அவரை இழுத்துக்கொண்டு போனதில் இந்தத் தேடலுக்குப் பெரிய பங்கு உண்டு. சிந்தாமணி அச்சில் வந்தது 1887-ல். ஏழு வருஷம்!

உங்களிடம் ஏழு வருஷம் கேட்கவில்லை, பயப்பட வேண்டாம். புரியாத இடத்திலும், 'இதை ஏன் இங்கே சொல்கிறார்?' என்று உறுத்துகிற இடத்திலும் கொஞ்சம் நின்று பாருங்கள் என்கிறேன். எண்ணிக்கைக்கு ஓடும்போது நிற்க நேரமிருக்காது. அட்டைப் படத்தில் எனக்கொன்றும் ஆட்சேபம் இல்லை, போடுங்கள்.

நிற்பது எப்படி என்று ஒரு இடம் காட்டுகிறேன். புதுமைப்பித்தன் 1943-ல் எழுதிய 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் சேருகிற முனையில் நின்று பிள்ளைவாள் கணக்குப் போடுகிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் ஏறி, சென்ட்ரல் தாண்டும்வரை கண்டக்டருக்கு டிமிக்கி கொடுத்துவிட்டு டிக்கெட் எடுத்தால் அரைக் கப் காப்பி குடிக்கலாம். ஆனால் வெற்றிலை கிடையாது. கடவுள் எப்போது வருவார் என்று பாதிப்பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறோம். இரண்டாம் தரம் படிக்கும்போது இந்தச் சில்லறையை மட்டும் பாருங்கள். கையில் காசு எவ்வளவு, ஆசை எவ்வளவு, எந்த அளவுக்குத் திருட்டுத்தனம் செய்வார், எல்லாம் அதிலேயே வந்துவிட்டது. பின்னால் இந்த மனுஷன் கடவுளிடமே தன் பத்திரிகைக்குச் சந்தா பிடிக்கும்போது 'அடப்பாவி, இவர் செய்வார்தான்' என்று நமக்குத் தோன்றுகிறதே, அதற்கு அஸ்திவாரம் இந்தக் காலணா.

இனி உங்கள் கதைகள். நீங்கள் அனுப்பவில்லை, ஆனால் சப்பென்று இருப்பது உங்களுக்கே தெரிவது நல்ல சகுனம். தெரியாதவர்கள்தான் ஆசிரியருக்குப் போன் போட்டுச் சண்டை பிடிப்பார்கள். அதில் ஒன்றை எடுத்து, வேறு யாரோ எழுதியது மாதிரி சத்தமாகப் படியுங்கள். 'வறுமையில் வாடினாள்' என்கிற மாதிரி ஏதாவது வந்தால் அங்கே நில்லுங்கள். கையில் 40 ரூபாயோடு விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறாள் அவள். ஷேர் ஆட்டோவா, நடையா, பிள்ளைக்கு ஒரு பரோட்டா பார்சலா? உங்கள் ஊர் விலைவாசி உங்களுக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாததால் அந்தக் கதையை என்னால் எழுத முடியாது. திருத்திய பிறகு, ஸ்டேட்டஸுக்கு ஹார்ட் போடுகிறவர்களிடம் காட்டாதீர்கள். 'இந்த இடத்தில் தூக்கம் வந்தது' என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒருத்தர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். அவர் போதும்.

பட்டறை: எழுதுகிற நாலு பேரைப் பார்க்கலாம், பேசலாம், தப்பில்லை. பணம் கட்டுவதற்கு முன்னால் ஒன்று மட்டும் கேளுங்கள்: வருகிறவர்களின் கதையை வரிவரியாகப் படித்துச் சொல்வார்களா, இல்லை மேடைப் பேச்சோடு சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிடுவார்களா? பின்னது என்றால் 3,500 ரூபாய் உங்களிடமே இருக்கட்டும்.