47 வயதில் ஓவியம்: வேலையை விடலாமா என்று கேட்ட ஒரு தாய்க்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

வணக்கம். மகளுக்கு எந்தப் பாடப்பிரிவு பொருந்தும் என்று கேட்கத்தான் வந்தீர்கள். ஒரு மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். மகள் வெளியே போன பிறகு, கதவுப்பிடியில் கை வைத்தபடி திரும்பி நின்று வேறொன்றைக் கேட்டீர்கள். "எனக்கு 47 ஆகுது. 22 வருஷமா கணக்குப் பிரிவுல வேலை. படம் வரையணும்னு சின்ன வயசுலருந்து ஆசை. வேலையை விட்டுட்டு முறையாக் கத்துக்கிட்டா ஏதாவது ஆகுமா, இல்ல இது பைத்தியக்காரத்தனமா?" நான் வாய் திறப்பதற்குள் மகள் கூப்பிட்டுவிட்டாள். எழுதுகிறேன் என்று சொன்னேன்.

முதலில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மகளின் மதிப்பெண் பட்டியலைத் தேடியபோது கைப்பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேசையில் வைத்தீர்கள். அதன் கடைசிப் பக்கம் விரிந்து கிடந்தது. பால்பாயின்ட் பேனாவில் வரைந்த மூக்குக்கண்ணாடி. காதில் மாட்டும் கம்பிகளில் ஒன்று மடங்கி, மற்றது நீட்டியபடி. கண்ணாடி என்றால் பெரும்பாலோர் இரண்டு வட்டம் போட்டு நடுவே ஒரு வளைவு இழுத்துவிடுவார்கள். உங்கள் படத்தில், வில்லைக்குள் தெரிந்த மேசை விளிம்பு வெளியே தெரிந்த விளிம்போடு சேராமல் கொஞ்சம் தள்ளி நின்றது. ஒளி வில்லைக்குள் வளைவதால் அப்படித்தான் தெரியும். அதைக் கற்பனையில் போட முடியாது, உட்கார்ந்து பார்த்தவர்தான் போட முடியும். கை இன்னும் தடுமாறுகிறது, கோடுகள் நடுங்குகின்றன. ஆனால் பார்க்கத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் இந்தக் கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் பதில் இதுதான். வேலையை இப்போது விடாதீர்கள். வரைவதை இந்த வாரமே தொடங்குங்கள். உங்கள் மனதில் இவை இரண்டும் ஒரே முடிவாகப் பின்னிக் கிடக்கின்றன. வேலையை விட்டால்தான் வரைய முடியும் என்று நினைத்தீர்கள், வேலையை விட முடியவில்லை, அதனால் வரையவும் இல்லை. 22 வருடம் இப்படித்தான் போயிருக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் முதலாவதை ஆற அமர யோசிக்கலாம். இரண்டாவதற்கு யோசனையே தேவையில்லை.

வேலையை விடுவதற்கு உதாரணமாக இரண்டு பிரெஞ்சு ஓவியர்களைச் சொல்கிறேன். ஒருவர் ஹென்றி ரூசோ. 1871-இல் பாரிஸ் நகரின் சுங்க வசூல் துறையில் சேர்ந்த எழுத்தர். ஓவியப் பள்ளிக்குப் போகாதவர். வேலையில் இருந்தபடியே வரைந்தார். 1886 முதல் கண்காட்சிகளில் படம் வைத்தார். 1893-இல், 49 வயதில், சிறிய ஓய்வூதியத்தோடு வேலையை விட்டார். அது போதாததால் வீட்டிலேயே ஓவியமும் வயலினும் சொல்லிக்கொடுத்தார். காட்டையும் புலியையும் வரைந்த அவருடைய பெரிய படங்களில் பல அதற்குப் பிறகு வந்தவை.

மற்றவர் பால் கோகன். பங்குச் சந்தைத் தரகர், நல்ல வருமானம், ஓய்வு நேரத்தில் ஓவியம். 1882-இல் பங்குச் சந்தை சரிந்தது. மறு வருடம் 35 வயதில் முழுநேர ஓவியராகிவிட்டார். ஐந்து குழந்தைகள். குடும்பம் மனைவியின் ஊரான கோபன்ஹேகனுக்குப் போனது. அங்கே அவர் தார்ப்பாய் விற்கும் முகவராக அலைந்தார், விற்கவில்லை. 1885-இல் ஒரு மகனை மட்டும் கூட்டிக்கொண்டு பாரிஸ் திரும்பி, சுவரொட்டி ஒட்டும் வேலை செய்தார். பிற்காலத்தில் உலகம் அவரைக் கொண்டாடியது உண்மை. ஆனால் துணிந்து குதித்தவர் என்று அவரை உதாரணம் காட்டுகிறவர்கள் அந்தத் தார்ப்பாயையும் அந்தக் குழந்தைகளையும் சொல்வதில்லை. கல்லூரி வாசலில் மகளை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாயிடம் அந்தப் பாதியை மறைப்பது பெரிய தவறு.

வயது பற்றி. கை இனிமேல் படியுமா என்பதுதானே உள்ளே இருக்கும் பயம்? மேரி டெலேனி என்று ஓர் ஆங்கிலேயப் பெண்மணி, 1700-இல் பிறந்தவர். 72 வயதில் வண்ணக் காகிதங்களை நுணுக்கமாக வெட்டி, கறுப்புத் தாளில் ஒட்டிப் பூக்களை உருவாக்கத் தொடங்கினார். பத்து வருடம், கண் பார்வை ஒத்துழைக்கும் வரை செய்தார். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான அந்தப் பூக்கள் இன்று பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் அவர் 72-இல் வெறுங்கையோடு தொடங்கவில்லை. வாழ்நாள் முழுக்கத் தையல் வேலைப்பாடு செய்தவர், கத்தரி பிடித்துப் பழகியவர், செடிகளை அருகிருந்து கவனித்தவர். பழைய பழக்கங்கள் எல்லாம் ஒரு புது வேலைக்குள் வந்து சேர்ந்தன. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கிறது. 22 வருடம் கணக்கு பார்த்த கண், வரிசையில் ஓர் எண் இடம் மாறினால் உடனே கண்டுபிடிக்கும். ஓவியத்தில் அளவும் விகிதமும் பார்ப்பதற்கு அதே கூர்மை வேண்டும்.

தாகூரும் ஏறக்குறைய இப்படித்தான் வந்தார். கையெழுத்துப் படியில் அடித்த வரிகளை அப்படியே விடாமல், அடித்தல்களைச் சேர்த்து உருவங்களாக்கிக்கொண்டிருந்தவர், அறுபது வயதைத் தாண்டிய பிறகு முழுமூச்சாக ஓவியத்தில் இறங்கினார். அவருடைய முதல் கண்காட்சி 1930-இல் பாரிஸில் நடந்தது. நோட்டின் ஓரத்தில் வரைகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

வயதால் வரும் உண்மையான சிக்கல் வேறு. 20 வயது மாணவருக்குத் தன் படம் மோசம் என்பது பாதி நாள் தெரியாது, தெரியாமலே நூறு படம் போட்டுவிடுவார். உங்களுக்கு முதல் படத்திலேயே தெரிந்துவிடும். இத்தனை வருடம் நல்ல படங்களைப் பார்த்து ரசனை வளர்ந்துவிட்டது. கை மட்டும் குழந்தையாக இருக்கிறது. அலுவலகத்தில் மற்றவர்கள் சந்தேகம் கேட்க வரும் இடத்தில் இருப்பவர், ஓவிய வகுப்பில் ஒரு கோப்பையின் வாய் வட்டத்தைச் சரியாகப் போட முடியாமல் உட்கார்ந்திருப்பது வலிக்கும். நடுவயதில் தொடங்கியவர்கள் நிறுத்துவதற்கு நான் பார்த்த முதல் காரணம் இந்த வலிதான். நேரமின்மை, பணமின்மை எல்லாம் வெளியே சொல்லிக்கொள்ளும் காரணங்கள். ஆறு மாதம் வரை, வகுப்பு ஆசிரியரைத் தவிர யாருக்கும் காட்டாதீர்கள், எதையும் கிழிக்காதீர்கள், ஒவ்வொரு தாளிலும் தேதி மட்டும் போட்டு வையுங்கள்.

நேரத்துக்கு வருவோம். வாரத்தில் நான்கு நாள் அரை மணி நேரம், ஒரு நாள் மூன்று மணி நேரம். ஆக ஐந்து மணி. வருடத்தில் 50 வாரம் என்று வைத்தால் 250 மணி நேரம். கணக்கு உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை, ஆனால் இந்த எண்ணை எழுதி வைத்துப் பாருங்கள். அந்த மூன்று மணி நேரம் வீட்டில் எல்லாருக்கும் தெரிந்த, யாரும் குறுக்கிடாத நேரமாக இருக்க வேண்டும். மிச்சம் கிடைக்கும் நேரத்தில் வரைந்துகொள்கிறேன் என்பது நடக்காது. குடும்பத்தில் அம்மாவுக்கு நேரம் மிச்சமாவதே இல்லை.

முதல் மூன்று மாதம் பென்சில் போதும். எச்பி, 2பி, 4பி என்று மூன்று வகை; 'பி'க்கு முன்னால் உள்ள எண் கூடக் கூடக் கோடு கறுப்பாகவும் மென்மையாகவும் விழும். எதிரே உள்ள பொருளை மட்டும் பார்த்து, தாளைக் குனிந்து பார்க்காமல் அதன் விளிம்பை மெதுவாக வரைவது ஒரு பயிற்சி. கோணலாகத்தான் வரும், ஆனால் கண்ணும் கையும் ஒரே வேகத்தில் நகரப் பழகும். நாற்காலியை விட்டுவிட்டு அதன் கால்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடங்களை மட்டும் வரைவது இன்னொன்று. வண்ணத்துக்குப் போகும்போது ஒரே ஒரு விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்: காகிதம். சாதாரண ஸ்கெட்ச் தாளில் வாட்டர்கலர் அடித்தால் தாள் நெளியும், ஈரம் ஒரே இடத்தில் தேங்கும், இரண்டாம் முறை தூரிகை பட்டால் தாளின் மேல் பஞ்சு எழும். தனக்கு வரவில்லை என்று முடிவு கட்டுவார்கள், குற்றம் தாளில் இருக்கும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம் எடை) உள்ள தடித்த வாட்டர்கலர் காகிதம் வாங்குங்கள், வண்ணம் மாணவர் தரத்திலேயே இருக்கட்டும்.

இன்னொன்று, யாரும் சொல்லமாட்டார்கள். வெள்ளெழுத்துக் கண்ணாடியோடு வரைவது தனிக் கஷ்டம். தூரத்துப் பொருளையும் கையருகே உள்ள தாளையும் மாறி மாறிப் பார்க்கும்போது கழுத்து ஏறி இறங்கி அரை மணியில் வலிக்கத் தொடங்கும். மடியில் வைத்து வரையாமல், ஈசல் என்னும் படம் தாங்கும் சட்டத்தில் கை நீளத் தூரத்தில் தாளை நிறுத்துங்கள். அந்தத் தூரத்துக்கென்றே தனிக் கண்ணாடி வேண்டுமா என்று கண் மருத்துவரிடம் கேளுங்கள்.

வகுப்பு தேர்ந்தெடுக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ஆசிரியர் ஒவ்வொருவர் படத்தின் அருகிலும் வந்து நின்று பார்ப்பாரா? காணொளிப் பாடங்கள் தப்பில்லை, ஆனால் உங்கள் கோப்பை ஏன் சாய்கிறது என்பது காணொளிக்குத் தெரியாது. பட்டப்படிப்பு இப்போது வேண்டாம். படம் விற்பதற்கு யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. பள்ளியில் ஆசிரியராகவோ ஓவிய வழி மனநலச் சிகிச்சைக்கோ போக நினைத்தால்தான் முறையான தகுதி வேண்டும்; சிகிச்சைத் துறைக்குப் பல நாடுகளில் முதுநிலைப் படிப்பும் மேற்பார்வையோடு கூடிய பயிற்சியும் கட்டாயம்.

இனி பணம். ஓவியத்தில் வருமானம் என்றால் படம் விற்பது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் நிச்சயமில்லாதது. கேலரி மூலம் விற்றால் விலையில் பாதி வரை கமிஷனாகப் போவது வழக்கம். பிரேம், போக்குவரத்துச் செலவு பெரும்பாலும் நம் தலையில். மாதாமாதம் ஓரளவு சீராக வருவது சொல்லிக்கொடுப்பது. அடுத்து, கேட்டு வரைவிக்கும் உருவப்படங்கள், நூல்களுக்கான படங்கள். இணையத்தில் கிடைத்த புகைப்படத்தைப் பார்த்துப் பழகலாம், ஆனால் அடுத்தவர் எடுத்த படத்தை வரைந்து விற்றால் உரிமைச் சிக்கல் வரும். விற்கும் நாள் வந்தால் வெளிச்சத்தில் மங்காத வண்ணங்களுக்கு மாறிவிடுங்கள். டியூபின் மேல் அந்தத் தரக் குறியீடு இருக்கும்.

உங்களுக்கு மட்டும் திறந்திருக்கும் இன்னொரு கதவும் உண்டு. அருங்காட்சியகங்கள், கலை அமைப்புகள், கேலரிகள் எல்லாவற்றுக்கும் கணக்கு தெரிந்தவர்கள் தேவை. ஓவியமும் தெரிந்த கணக்காளர் அவர்களுக்கு எளிதில் கிடைப்பதில்லை. வேலை மாற்றம் என்றால் கணக்கைத் தூக்கி எறிவது என்று அர்த்தமில்லை. அதை எடுத்துக்கொண்டே ஓவியம் இருக்கும் கட்டடத்துக்குள் போகலாம்.

இரண்டு வருடம் கழித்தும் ஆசை இப்படியே இருந்தால், அப்போதும் ராஜினாமாக் கடிதம் எழுதாதீர்கள். முதலில் வேலை நேரத்தைக் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். வாரத்தில் நான்கு நாள், அல்லது பகுதிநேரம். கிடைக்காது என்று நாமே முடிவு செய்து கேட்காமல் விடுவதுதான் அதிகம். அதோடு ஓர் ஒத்திகை பாருங்கள். வேலையில் இருக்கும்போதே ஆறு மாதம், வேலையை விட்டால் எவ்வளவு வருமோ அந்தத் தொகையில் மட்டும் குடும்பம் நடத்துங்கள், மீதியைத் தனிக் கணக்கில் போடுங்கள். ஒத்திகையே மூச்சு முட்டினால் நாடகம் நடக்காது. நடந்துவிட்டால், ஒரு வருடச் செலவு கையில் சேர்ந்த பிறகு பேசலாம். ஓய்வுக்காலச் சேமிப்பை எந்த நிலையிலும் தொடாதீர்கள். மகளின் படிப்புக்குக் கல்விக் கடன் கிடைக்கும், உங்கள் முதுமைக்கு யாரும் கடன் தரமாட்டார்கள்.

கடைசியாக, நீங்கள் கேட்காமல் கேட்டது. மகளின் எதிர்காலத்தை யோசிக்க வேண்டிய நேரத்தில் என் ஆசையைப் பற்றி யோசிப்பது தப்பா? இல்லை அம்மா. வாரத்தில் ஐந்து மணி நேரமும் கொஞ்சம் காகிதமும் எந்த மகளின் எதிர்காலத்தையும் தின்றுவிடாது. உங்கள் மகள் என்னிடம் தனியாகப் பேசியபோது, தனக்குப் பிடித்ததைச் சொன்னால் வீட்டில் கவலைப்படுவார்களோ என்று தயங்கினாள். ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா கதவைச் சாத்திக்கொண்டு வரைவதைப் பார்த்தால் அவளுக்குப் பேச இன்னும் கொஞ்சம் தைரியம் வரும் என்று நினைக்கிறேன்.

விண்ணப்பப் படிவம் பூர்த்தி செய்ய அவளை மறுபடி கூட்டிக்கொண்டு வருவீர்கள் அல்லவா? அன்றைக்கு அந்த நோட்டையும் எடுத்து வாருங்கள். ஆறு மாதம் யாருக்கும் காட்ட வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். தேதி போட்ட பக்கங்கள் எத்தனை என்று மட்டும் எண்ணிவிட்டு மூடிக் கொடுத்துவிடுகிறேன்.